சர்க்கரை உள்ளவரின் கால்: பாதம் பார்ப்பவர் செய்ய வேண்டிய வேலைகள், வரிசைப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆட்களின் கால்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதும் உண்டு. அவர்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரிகிறது, நாடி பார்க்கத் தெரிகிறது. தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் அறிவுரை, பிறகு சோதனை, கடைசியில் கையில் ஒரு துண்டுத்தாள் என்று போகிறார்கள். நோயாளி தலையாட்டிவிட்டுப் போய், மூன்று மாதம் கழித்து அதே ஸ்லாப்ஸோடு (விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு) வந்து நிற்கிறார்.

இங்கே அரசு கிளினிக்கில் நிலை சீராக இருக்கும் நோயாளிகள் பலர் இப்போது மாத்திரைப் பொட்டலத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். வரிசையில் நிற்கும் தொல்லை போயிற்று. நல்லதுதான். ஆனால் பொட்டலம் கொடுப்பவர் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார். ஆகவே நம் நாற்காலியில் அவர் உட்காரும் அரை மணி நேரம், யாராவது அவர் காலையும் சர்க்கரையையும் சேர்த்துப் பேசுகிற ஒரே நேரமாக இருக்கலாம். அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கீழே.

கிளினிக் சிஸ்டர்களும் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களும் காய்ப்பைச் சீவி எடுக்கும் கத்தி வேலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

1. ஆள் வருவதற்கு முன்

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். 10 கிராம் மோனோஃபிலமென்ட், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, தோலின் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், கைப்பிடி உள்ள கண்ணாடி, கெட்டி அட்டை, பேனா, கத்தரிக்கோல். இவற்றோடு ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு டப்பா சர்க்கரையும். சர்க்கரை எதற்கு என்பது அடுத்த படியில் வரும்.

மோனோஃபிலமென்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது காலில் உணர்வு இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் நைலான் இழை, வளையும்போது 10 கிராம் அளவு அழுத்தும். அடுத்தடுத்து வளைந்தால் தளர்ந்துவிடும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேருக்குப் பயன்படுத்திய பிறகு 24 மணி நேரம் அதற்கு ஓய்வு வேண்டும். எழுபது, தொண்ணூறு பேரைத் தாண்டியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தளர்ந்த இழை 10 கிராமுக்குக் குறைவாக அழுத்தும். நல்ல காலையும் மரத்த கால் என்று காட்டிவிடும். இரண்டு இழை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

தேதி கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். தினமும் அதிக நேரம் போடும் செருப்போடு வரவேண்டும். வீட்டில் கூட இருப்பவர் ஒருவரை அழைத்து வரவேண்டும். கிளினிக் கார்டும், மீட்டர் இருந்தால் அதுவும் பையில் இருக்க வேண்டும். முதலாவதைச் சொல்லாமல் விட்டால் கல்யாணத்துக்குப் போடும் ஷூவோடுதான் வருவார்கள். டாக்டரைப் பார்க்க நல்ல செருப்பு போட்டு வருவது நம் ஆட்களுக்கு மரியாதை. அந்த மரியாதையால் நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

2. தொடுவதற்கு முன் கேளுங்கள்

முதல் கேள்வி காலைப் பற்றியது அல்ல. "ஆயா, காலையில ஊசி போட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். முதல் வரிசையில் இடம் பிடிக்க விடியுமுன் டாக்சி ஏறியவர் இன்சுலின் போட்டிருப்பார், ரொட்டி சாப்பிட்டிருக்க மாட்டார். பத்து மணிக்கு நம் நாற்காலியில் வியர்த்துக் கை நடுங்குவார். புதியவர்கள் அதைப் பயம் என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுக்கிறார்கள். விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறிய பிறகு ஒரு துண்டு ரொட்டி. கால் வேலை அதற்கப்புறம். சோதனையின்போது தலை சுற்றிக்கொண்டிருப்பவர் இழை பட்டதா இல்லையா என்று சரியாகச் சொல்லவும் மாட்டார்.

பிறகு கால். "செருப்பு போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இன்னைக்கு எந்திரிச்சதுல இருந்து காலுல என்னென்ன போட்டீங்க?" என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து குளியலறைக்கு வெறுங்கால், சாமி விளக்கு ஏற்ற வெறுங்கால், கொல்லையில் துணி உலர்த்த ஸ்லாப்ஸ், தெருமுனைக் கடைக்கும் அதே ஸ்லாப்ஸ், கிளினிக்குக்கு மட்டும் ஷூ. ஒரு நாளின் முழுப் படம் கிடைத்துவிடும்.

முன்னால் எப்போதாவது காலில் புண் வந்ததா, விரல் எடுத்தார்களா, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் நடக்கிறதா, புகைபிடிப்பது உண்டா, கண் எப்படித் தெரிகிறது என்பவற்றையும் இங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பற்றிய கேள்வியைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். கண் மங்கியவரிடம் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிப் பயனில்லை.

3. செருப்புக்குள் கையை விடுங்கள்

காலைப் பார்க்கும் முன் செருப்பு. காலில் இருக்கும் தடிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை அதற்குள் இருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவுங்கள்: தையல் முடிச்சு, தூக்கி நிற்கும் ஆணி, மடிந்த உள்தாள், மணல். ஒருமுறை ஒரு தாத்தாவின் டக்கியிலிருந்து (கேன்வாஸ் ஷூ) பேரப்பிள்ளையின் பிளாஸ்டிக் பொம்மையின் கை ஒன்றை எடுத்தேன். இரண்டு நாளாக அதன் மேலேயே நடந்திருக்கிறார். உள்ளங்காலில் அதே வடிவத்தில் கொப்புளம். அதை நான் ஒளித்து வைக்கவில்லை, அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதற்குப் பிறகு ஷூவைத் தட்டாமல் அவர் போட்டதே இல்லை என்று அவர் மகள் சொன்னார்.

அளவுக்கு அட்டை. நோயாளியை அட்டைமேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். உட்கார வைத்து வரையாதீர்கள், உடல் எடை இறங்கும்போது பாதம் விரியும். வரைந்ததை வெட்டி அவர் ஷூவுக்குள் விடுங்கள். அட்டை மடிந்தால் அந்த ஷூ காலையும் அப்படித்தான் மடிக்கிறது. உள்நீளம் காலைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அகலம் விரல்களின் அடிமூட்டு அகலத்துக்குக் குறையக் கூடாது. விரல்களுக்கு மேலே உயரமும் வேண்டும். அந்த அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கடையில் வாங்குமுன் உள்ளே விட்டுப் பார்க்கலாம். மரத்துப்போன காலுக்கு ஷூ இறுக்குவது தெரியாது. இறுக்கமாக இருந்தால்தான் போட்டிருப்பதே தெரிகிறது என்று ஒரு அளவு குறைவாக வாங்குவார்கள். இவர்கள் தங்கள் காலை நம்பக் கூடாது, அட்டையை நம்ப வேண்டும்.

ஸ்லாப்ஸைத் திட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். டர்பன் வெயிலில் அதை யாரும் விடப் போவதில்லை. விரலிடுக்கில் வார் உராயும், குதிகாலைப் பிடிக்காது, முன்னால் விரல் திறந்து கிடக்கும் என்று காரணத்தைக் காட்டுங்கள். பின்வார் உள்ள, விரல் மூடிய, இலேசான செருப்பு ஒன்றை அதற்குப் பதிலாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று என்று இரண்டாகச் சொன்னால் கேட்கிறார்கள். வீட்டுக்குள் செருப்பு போட மாட்டேன் என்பவரிடம், அது உள்ளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் செருப்பு, தெருவைத் தொடாதது என்று சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் இறங்கி வருவார்கள்.

4. பார்ப்பது, தொடுவது

இரண்டு காலையும் முழங்கால் வரை திறந்து, இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள். ஒரு காலை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, நகத்தின் ஓரம், கால் ஆணி, காய்ப்பு, வளைந்த விரல். பாதத்தின் மேல்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி. நாடி கிடைக்காவிட்டால் கத்தியை எடுக்கும் முன் நிறுத்தி, இரத்த ஓட்டத்தைச் சோதிக்க அனுப்புங்கள். கணுக்கால்–கை அழுத்த விகிதம் 0.9க்குக் கீழே என்றால் ஓட்டம் குறைவு. ஆனால் நெடுநாள் சர்க்கரையில் நாளம் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிட்டால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும். 1.3க்கு மேல் வந்தால் நல்ல செய்தி என்று எழுதிவிடாதீர்கள். கால்விரல் அழுத்தம் பார்க்க வேண்டும்.

தெர்மாமீட்டரால் இரண்டு காலிலும் ஒரே இடங்களை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 2.2 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஆபத்து கூடிய நோயாளிகள் வீட்டிலும் இதைச் செய்யலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் அதே இடம் அப்படிச் சூடாக இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு நம்மிடம் வரவேண்டும்.

ஒரு பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. புண் இல்லை. வலியும் அதிகம் இல்லை. புதியவர்கள் கவுட் என்றோ சுளுக்கு என்றோ எழுதிவிடுகிறார்கள். நெடுநாள் சர்க்கரையும் மரத்த காலும் உள்ளவருக்கு இது ஷார்கோ பாதமாக இருக்கலாம்: எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும். நடக்க நடக்க வடிவம் குலையும். அன்றே காலைத் தரையில் ஊன்றாமல் நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தவறவிடாமல் இருந்தாலே நம் சம்பளத்துக்கு நியாயம்.

5. உணர்வுச் சோதனையை நோயாளிக்கே காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இழையை அவர் முன்கையில் தொட்டு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலின் அடிப்பக்கம், பெருவிரல் அடிமூட்டு, சுண்டுவிரல் அடிமூட்டு: ஒவ்வொரு காலிலும் இந்த மூன்று இடம். இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி எடுங்கள். மொத்தம் இரண்டு வினாடி. காய்ப்பின் மேலோ புண்ணின் மேலோ வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை கேளுங்கள்: இரண்டு முறை தொட்டுவிட்டு, ஒருமுறை தொடாமலே. "இப்ப தெரியுதா? எந்தக் காலு?" மூன்றில் இரண்டு சரியென்றால் அந்த இடத்தில் காக்கும் உணர்வு இருக்கிறது. மூன்றில் இரண்டு தவறென்றால் போய்விட்டது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை தாளம். ஒரே இடைவெளியில் தொட்டுத் தொட்டுக் கேட்டால் நோயாளி தாளத்துக்கு "ஆமா, ஆமா" என்பார். நம்மைச் சந்தோஷப்படுத்தவும் அப்படிச் சொல்வார்கள். தொடாமல் கேட்கும் அந்த ஒரு முறை அதற்காகத்தான்.

அதோடு சோதனை முடிந்தது, படிவத்தில் குறித்துவிடலாம் என்று எழுந்துவிடாதீர்கள். இப்போது கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். உணர்வு இல்லாத இடத்தில் திரும்ப அழுத்துங்கள், அவர் பார்க்கட்டும். கைப்பிடிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளங்கால் தெரியும். இழை வளைகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. ஓர் ஆயா இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு, "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், குத்துறது தெரியலையே" என்றார். கூட வந்த பேத்தியின் காலில் அதே இழையை வைத்தேன். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். ஆயா பேத்தியின் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பதினைந்து வருடமாக "பத்திரம், பத்திரம்" என்று சொல்லப்பட்டதெல்லாம் அப்போதுதான் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

வலியில்லாத கால் நல்ல கால் என்றுதான் மனிதர் நினைப்பார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? வலி இல்லாததுதான் நோய் என்பதைச் சொல்லி நம்பவைக்க முடியாது.

அந்த நேரத்தில் ஒரு மௌனம் வரும். புதியவர்கள் அந்த மௌனத்தில் "இப்படியே விட்டா காலை எடுத்துருவாங்க" என்று நுழைந்துவிடுகிறார்கள். வேண்டாம். பயந்தவர் அடுத்த தேதிக்கு வரமாட்டார். நம் முகத்தைப் பார்க்கவே பயப்படுவார். அவர் பேசும் வரை காத்திருங்கள். பெரும்பாலும் வருகிற கேள்வி "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்பதுதான். நாம் சொல்லாமல் அவரே கேட்ட பிறகு கொடுக்கும் பதில்தான் வீடு வரை போகும்.

இசைக்கவையைப் பெருவிரல் நுனி எலும்பின் மேல்புறத்தில் வைத்து அதிர்வையும் பாருங்கள். சிலருக்கு அதிர்வு உணர்வு முதலில் போகும்.

6. ஆபத்து நிலையைச் சொல்லி, அடுத்த தேதியைக் கொடுங்கள்

உலக அளவில் பாதக் குழுக்கள் பின்பற்றும் நான்கு நிலை போதும். உணர்வும் ஓட்டமும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்று போயிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள். இரண்டும் போயிருந்தாலோ, ஒன்று போய் விரல் வளைவு போன்ற வடிவக்கேடும் சேர்ந்திருந்தாலோ 3 முதல் 6 மாதத்துக்குள். உணர்வோ ஓட்டமோ போனவருக்கு முன்பு புண் வந்திருந்தால், எந்த அளவிலாவது கால் எடுத்திருந்தால், அல்லது சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தால் 1 முதல் 3 மாதத்துக்குள்.

எத்தனையாம் நிலை என்று சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள்: "உங்க காலு உங்கள எச்சரிக்காது, அதனால அதுக்குப் பதிலா நான் மூணு மாசத்துக்கு ஒருதரம் பாக்கணும்."

7. கத்தி வேலையின்போது அறிவுரை வேண்டாம்

காய்ப்பை எடுப்பது அழகுக்காக அல்ல. அது செருப்புக்குள் கல் மாதிரி உள்ளே அழுத்தும். அதன் அடியில்தான் புண் தொடங்கும். எடுத்தே ஆக வேண்டும். ஆனால் கத்தி காலருகில் இருக்கும்போது நோயாளியின் காது வேலை செய்யாது, கண் முழுவதும் கத்தியில் இருக்கும். அப்போது பேசியதெல்லாம் வீண். வேலையை முடியுங்கள். பிறகு கிரீம் தடவும்போது பேசுங்கள். கை மெதுவாக ஓடும்போது ஆளும் இளகுவார்.

காய்ப்புக்கு அடியில் பழுப்பாக இரத்தக்கறை இருந்தால் அதைக் கண்ணாடியில் காட்டுங்கள். அது புண்ணுக்கு முந்திய நிலை. "இது ஆறு வாரமா உள்ள நடந்திருக்கு, உங்களுக்கு வலிச்சுதா?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஆறு வாரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது. நோயாளி வீட்டில் போய்க் கணக்குப் போட்டு, அந்த நாளில் எந்தச் செருப்பு போட்டேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்.

வீட்டில் பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டுவதும் உண்டா என்று இந்தச் சமயத்தில் கேளுங்கள். அந்த பிளாஸ்டரில் இருக்கும் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உணர்வில்லாதவருக்கு எரிவதும் தெரியாது.

8. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை

துண்டுத்தாளில் பதினைந்து அறிவுரை இருக்கும். தினமும் பார், கழுவு, இடுக்கைத் துடை, இடுக்கில் மட்டும் கிரீம் வேண்டாம், நகத்தை நேராக வெட்டு, சாக்ஸைத் தினமும் மாற்று, தண்ணீர் 37 டிகிரிக்கு மேல் வேண்டாம், காலை ஊறவைக்காதே, ஹீட்டர் பக்கம் நீட்டாதே. எல்லாம் சரியானவைதான். பதினைந்தையும் ஒரே நாளில் கொடுத்தால் பதினைந்தும் மறக்கும்.

இன்று பார்த்த காலுக்கு அதிக ஆபத்து எதிலிருந்து வரும் என்று பார்த்து, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விரலிடுக்கு ஊறிப்போனவருக்குத் துடைப்பது. அளவு தப்பிய ஷூ உள்ளவருக்கு ஷூ. ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவிலிருந்து வருகிறவருக்குக் குளிர்காலத்தில் ஹீட்டரும் சுடுதண்ணீர்ப் பையும். குளிரில் மரத்த காலைச் சூடுகாட்டித் தோல் வெந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு சாக்ஸ் சொல்லுங்கள், தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். முழங்காலுக்குக் கீழே இறுக்கும் சாக்ஸ் வேண்டாம்.

வேலையை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள். "தினமும் பாருங்க" என்றால் எப்போது என்று கேள்வி வரும். "சாயந்தரம் விளக்கு ஏத்திட்டு, அந்த வெளிச்சத்துலயே உக்காந்து காலைப் பாருங்க" என்றால் இடமும் நேரமும் கிடைத்துவிடும். டிவி தொடரைத் தவறவிடாதவருக்கு அதன் முதல் விளம்பர இடைவேளை.

பிறகு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் பதில் வரும். "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்க, என்ன சொன்னாங்கன்னு. என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயால் வந்ததுதான் அவருக்குள் போனது. குழப்பிச் சொன்னால், "நான் சரியா சொல்லல, இன்னொருதரம் சொல்றேன்" என்று பழியை நம் மேல் போட்டுக்கொண்டு திரும்பச் சொல்லுங்கள்.

குனிய முடியாதவர், கண் தெரியாதவர் என்றால் பார்க்கும் வேலை கூட இருப்பவருக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அழைத்து வரச் சொன்னோம். அவருக்கு விரல் நுனிச் சோதனையையும் கற்றுக்கொடுங்கள்: நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி இலேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை. இப்போது மரத்துப்போகாத காலுக்கு இது வருங்கால எச்சரிக்கை.

9. சர்க்கரைப் பேச்சைக் காலிலிருந்து தொடங்குங்கள்

மருந்தின் அளவை மாற்றுவது நம் வேலை அல்ல. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆனால் சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் தப்பு. "உங்க சுகர் எவ்வளவு?" என்று தொடங்கினால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், குறைத்துச் சொல்வார்கள். "இந்த வெடிப்பு ஏன் மூட மாட்டேங்குதுன்னு பாப்போம், கார்டைக் காட்டுங்க" என்றால் கார்டு தானாக வெளியே வரும்.

ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடைசி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு. பலருக்கு 7 சதவீதம் சுற்றி இலக்கு வைப்பார்கள், வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள். இலக்கை டாக்டர் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டியது தொடர்பை மட்டும்: சர்க்கரை ஏறியிருக்கும்போது கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் சோம்பிப் போகின்றன, புண் ஆறத் தாமதமாகிறது. இது மறுபக்கமும் ஓடும்: காலில் சீழ் பிடித்தால் சர்க்கரை ஏறும். சாப்பாடு மாறவில்லை, மாத்திரை மாறவில்லை, மீட்டர் மட்டும் எகிறுகிறது என்றால் ஷூவைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லிவையுங்கள். இதை நோயாளிகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பார்த்ததை இரண்டு வரியில் கிளினிக் சிஸ்டருக்கு எழுதிக் கொடுங்கள்: உணர்வு, நாடி, ஆபத்து நிலை, நீங்கள் கொடுத்த அந்த ஒரு வேலை. அவர்களும் அதையே கேட்டால் நோயாளிக்கு ஒரே குரலாகக் கேட்கும்.

10. கோயில் காலம்

நம் ஆட்களின் காலைப் பார்ப்பவர் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கே தைப்பூசம் உச்சக் கோடையில் வரும். காவடி எடுப்பவர் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பார். நல்ல கால் சுடுகிறது என்று நிழலுக்கு ஓடும், மரத்த கால் ஓடாது. மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். "முருகன் புண்ணியத்துல சுடவே இல்ல" என்றார். சுடவில்லை என்பது உண்மைதான்.

காவடிக்கு ஒரு மாதம் முன்பே தேதி கொடுத்துக் கூப்பிடுங்கள். "போகாதீங்க" என்று தொடங்கினால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள். என்ன வேண்டுதல், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். நடையை வெயிலுக்கு முன் வைத்துக்கொள்ள முடியுமா, கோயில் வாசல் வரை செருப்போடு வந்து அங்கே கழற்ற முடியுமா, பால்குடத்தைப் பிள்ளைகள் எடுத்து இவர் கூட வர முடியுமா என்று பேசலாம். கோயில் கமிட்டியில் இருப்பவர்களிடம் பாதையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்டால் செய்கிறார்கள். திரும்பி வந்ததும் இரண்டு காலையும் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புனித வெள்ளியை ஒட்டி நடக்கும் தீமிதியில் எனக்குப் பேரம் கிடையாது. உணர்வு போனவர், ஓட்டம் குறைந்தவர் தீயில் இறங்கக் கூடாது. வெறும் சொல்லாகச் சொன்னால் பக்தியைப் பழிப்பதாகப் படும். ஐந்தாம் படியில் இழையைக் காட்டியிருந்தால் அதை ஞாபகப்படுத்துங்கள். பெரும்பாலும் மகனோ மகளோ அதற்குப் பிறகு நம் பக்கம் பேசுவார்கள்.

புரட்டாசியில் இங்கே பல வீடுகளில் மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது. இறைச்சி போன இடத்தில் உருளைக்கிழங்கும் பூரியும் சோறும் வந்து உட்காரும், மீட்டர் ஏறும். பருப்பு, பீன்ஸ், மோர் என்று பேசலாம். முழு நாள் விரதம் இருப்பவர் இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் விரதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க அனுப்புங்கள். ஆடி மாதக் கூழ் பற்றியும் கேட்பார்கள். கூழும் மாவுதான், அளவுதான் கேள்வி.

11. காத்திருக்கக் கூடாதவை

இதை மட்டும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள், பெரிய எழுத்தில், அந்த வீட்டில் படிக்கிற மொழியில். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் படிப்பார்கள் என்றால் ஆங்கிலத்தில்.

அன்றே மருத்துவமனை: விரல் கறுத்தல், கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவுதல், சீழ், நாற்றம்; காய்ச்சல்; புண்ணில்லாமலே ஒரு பாதம் சிவந்து வீங்கிச் சூடாதல்.

காய்ச்சல் இல்லை, ஆகவே பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்குக் கிருமி ஆழமாகப் போன பிறகும் காய்ச்சல் வராமல் இருக்கலாம்.

எவ்வளவு சிறிய புண்ணாக இருந்தாலும் அடுத்த வேலை நாளுக்குள் நம்மிடமோ கிளினிக்கிலோ காட்ட வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. மஞ்சளைக் குற்றம் சொல்லி நேரம் போக்க வேண்டாம். அந்த ஒரு வாரம்தான் நமக்குத் தேவை. "பத்து போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிறது.

12. அடுத்த தடவை

அவர் உட்கார்ந்ததும் போன தடவை கொடுத்த அந்த ஒரு வேலையைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினால், நாம் கொடுக்கும் வேலையை நாமே மறந்துவிடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "எத்தனை நாள் பாக்க முடிஞ்சுது?" என்று கேளுங்கள். "பாத்தீங்களா?" என்று கேட்டால் பொய் சொல்ல இடம் கொடுக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் என்றால், அந்த மூன்று நாள் எப்படி முடிந்தது என்று விசாரியுங்கள்; விடுபட்ட நான்கு நாளுக்கான வழி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஓர் அண்ணன் சனி, ஞாயிறில் மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். மகள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. மற்ற நாளில் போனை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் படமெடுத்து மகளுக்கு அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

வேலை பழக்கமாகியிருந்தால் அடுத்த ஒன்றைக் கொடுங்கள். ஆகவில்லை என்றால் அதே வேலையைச் சிறிதாக்கிக் கொடுங்கள். பிறகு அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, முதலில் அதற்குள் கையை விடுங்கள்.